எழுத்து வசப்படாத குடும்பங்கள்

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மூக்கின் வடிவும் முடியின் சுருளும் குரலின் கனமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவதைக் கண்டு நாம் வியப்பதில்லை. ஆனால், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் இயல்பும் அவ்வாறே தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ பிள்ளைக்கு வரக்கூடும் என்று கூறினால் நம்மிற் பலர் நம்பத் தயங்குவர். "படிக்கச் சோம்பல்", "கவனமில்லை", "மொக்கு" என்னும் பட்டங்களே அப்பிள்ளைக்கு முதலிற் கிடைப்பவை.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே இதற்கு இன்னொரு விடையும் ஆயத்தமாக இருக்கிறது. தந்தைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று கேட்டால், "இடப்பெயர்வுக் காலம், பள்ளிக்கூடம் ஏது?" என்பர். மகனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், "தகப்பனுக்கே தெரியாதபோது வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது?" என்பர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றை அறிந்த எவரும் இவ்விடையைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வொரு விடை பொருந்துமா? பொருந்தாத இடத்தில் அதனைப் பொருத்திவிட்டால் அப்பிள்ளைக்கு நேரும் இழப்பு யாது? இவ்விரு வினாக்களையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

வாசிப்பிடர் என்பது யாது?

மருத்துவர்களும் கல்வியாளர்களும் டிஸ்லெக்சியா என்று வழங்கும் நிலையை நாம் வாசிப்பிடர் என்று அழைப்போம். கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், அறிவிற் குறைவில்லை, கற்பிப்பாரும் உளர். அவ்வாறிருந்தும், எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை மட்டும் அப்பிள்ளைக்குப் பெரும்பாடாக இருக்கும். ஒரு சொல்லைக் கேட்டதும் அதனை ஒலி ஒலியாகப் பிரித்துணரும் திறன் மந்தமாக இருப்பதே இவர்களிற் பெரும்பாலாரிடம் காணப்படும் அடிப்படை என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை ஏதோ ஓரளவில் இவ்விடர் உடையவர்கள் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அப்படியாயின், முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் இரண்டொருவரேனும் இருக்கக்கூடும்.

தமிழெழுத்தில் இது எவ்வாறு தோன்றும்? ஆங்கிலத்தைப் போலன்றி, தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. எனினும் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துக்களைப் பிள்ளை பழகவேண்டும். 'கே' என்பதில் ஏகார ஒலி பின்னே வர, அதன் குறியோ முன்னே நிற்கிறது. 'கோ' என்பதில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. ககரம் 'கல்' என்னும் சொல்லில் ஒருவாறும் 'தங்கம்' என்னும் சொல்லில் வேறொருவாறும் ஒலிக்கிறது. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், நகர னகர ணகரங்களும் எல்லாப் பிள்ளைகளையும் சிறிது காலம் அலைக்கழிப்பன. மற்றப் பிள்ளைகள் இரண்டாம் மூன்றாம் தரங்களில் இவற்றைக் கடந்துவிட, வாசிப்பிடருள்ள பிள்ளை மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறது. காலஞ்சென்றபின் பிழையின்றி வாசிக்கக் கற்றுக்கொண்டாலும் வாசிப்பு நத்தையைப் போல் நகரும். வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும். சொல்வதெழுதும்போது பிழைகள் மலியும்.

2001 ஆம் ஆண்டில் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவகையினரிடையே வாசிப்பிடர் உடையோரை ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒழுங்கான எழுத்துமுறையையுடைய இத்தாலியர் மற்ற இருசாராரிலும் பார்க்கத் திருத்தமாக வாசித்தனர். ஆயினும், வாசிக்கும் வேளையில் மூளையின் இடப்பாகத்தில் ஒரே இடத்தில்தான் மூவகையினருக்கும் தொழிற்பாடு குன்றியிருந்தது. வேர் ஒன்றே, அது காட்டும் இலைதான் மொழிக்கு மொழி வேறுபடுகிறது என்பது இதனால் விளங்கும்.

குடும்பங்களைக் கவனித்த வைத்தியர்கள்

இவ்விடரை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. மூளையில் நோயுற்றதால் வாசிக்கும் ஆற்றலை இழந்த முதியோரைக் கண்ட யேர்மன் வைத்தியர் குஸ்மவுல், 1877 இல் அதற்குச் 'சொற்குருடு' என்று பொருள்படும் பெயரை இட்டார். பத்தாண்டுகளின் பின்னர், 1887 இல், யேர்மன் கண் வைத்தியரான ருடோல்வ் பேர்லின் டிஸ்லெக்சியா என்ற சொல்லை ஆக்கினார். நோயொன்றுமில்லாத ஒரு சிறுவனிடமும் இந்நிலை பிறவியிலேயே இருக்கலாம் என்பதை 1896 இல் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்து வைத்தியர் பிரிங்கிள் மோர்கன். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், கணக்கிலே சூரன், ஆனால் தன் பெயரையே எழுத்து முன்பின்னாக மாறும்படி எழுதிவிட்டு அப்பிழையை உணராதிருந்தான். எல்லாப் பாடங்களும் வாய்மொழியாகவே கற்பிக்கப்படுமாயின் பாடசாலையிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மோர்கன் பதிந்து வைத்தார்.

அடுத்து வந்த வைத்தியர்கள் சிறுவனை மட்டும் நோக்காது அவன் வீட்டையும் நோக்கினர். கிளாஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் ஹின்ஷெல்வூட் 1907 இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அக்குடும்பத்தில் பிள்ளைகள் பதினொருவர். ஏழு பேர் இடரின்றி வாசிக்கக் கற்றனர். கடைசி நான்கு ஆண்மக்களுக்கும் எழுத்து வசப்படவில்லை. ஒரே வீடு, ஒரே தாய் தந்தையர். ஆயினும் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. 1950 இல் சுவீடன் தேசத்து ஹால்கிரென் என்பவர் நூற்றுக்கு மேற்பட்டோரின் குடும்பங்களை ஆராய்ந்து, அவர்களிற் பெரும்பாலாரின் உறவினரிடையேயும் இவ்விடர் காணப்படுவதை நூலாகவே எழுதி வெளியிட்டார்.

விதையும் வயலும்

குடும்பத்தில் ஓடுவதெல்லாம் குருதியில் ஓடுவதன்று என்று மாணவர்கள் வாதிடலாம். தகுந்த வாதமே. ஒரு வீட்டிலுள்ளோர் ஒரே உணவையும் ஒரே பழக்கத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். புத்தகமில்லாத வீட்டில் யாருமே வாசிக்காதிருக்கலாம். இச்சிக்கலை அவிழ்க்க உதவியோர் இரட்டைப் பிள்ளைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் பரம்பரையலகுகள் அனைத்தையும் பொதுவாக உடையவர். இரு கருக்களிலிருந்து தோன்றிய இரட்டையரோ சாதாரண உடன்பிறந்தாரைப் போன்றவர். இருசாராரும் வளர்வது ஒரே வீட்டில். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நெடுங்காலம் நடைபெற்ற ஆராய்ச்சியில், இரட்டையரில் ஒருவருக்கு வாசிப்பிடர் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஒருகரு இரட்டையரிடம் நூற்றுக்கு 68 ஆகவும், இருகரு இரட்டையரிடம் 38 ஆகவும் காணப்பட்டது. பரம்பரைக்கு இதிலே பெரும் பங்கு உண்டென்பதை இவ்வேற்றுமை காட்டுகிறது. அத்துடன், 68 என்பது 100 ஆகாமையால், பரம்பரை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் காட்டுகிறது.

பின்னர் நிறமூர்த்தங்களிலேயே தேடத் தொடங்கினர். 1983 இல் 15 ஆம் நிறமூர்த்தத்தையும் 1994 இல் 6 ஆம் நிறமூர்த்தத்தையும் ஆராய்ச்சியாளர் சுட்டினர். 2003 இல் பின்லாந்துக் குடும்பமொன்றின் துணைகொண்டு ஒரு பரம்பரையலகைக் குறிப்பிட்டனர். 'இதோ அகப்பட்டது' என்று எண்ணிய ஒவ்வொரு முறையும், கதை அதைவிட நீண்டது என்பதே தெரியவந்தது. 2022 இல் வெளியான பேராய்வு ஒன்று, வாசிப்பிடர் உண்டெனக் கூறிய ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரையும் அஃதில்லாத பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரையும் ஒப்பிட்டது. அதில் 42 இடங்கள் வாசிப்பிடரோடு தொடர்புடையனவாக அகப்பட்டன. ஒவ்வொன்றின் செல்வாக்கும் மிகச் சிறிது. பல சேர்ந்தே பயன் விளைக்கின்றன. ஆகவே, 'வாசிப்புக் கெட்ட பரம்பரையலகு' என்று ஒன்றைத் தனியே காட்ட முடியாது. இரத்தத்தைச் சோதித்து ஒரு பிள்ளை வாசிக்குமா வாசிக்காதா என்று சொல்லிவிடவும் முடியாது.

வன்னியின் கமக்காரருக்கு இதனை எளிதில் விளக்கலாம். மொட்டைக்கறுப்பனை விதைத்தால் மொட்டைக்கறுப்பனே முளைக்கும். ஆனால் காணியில் எத்தனை மூடை விளையும் என்பதை விதைநெல் மட்டும் தீர்மானிப்பதில்லை. காலபோகத்து மழையும் குளத்து நீரும் பசளையும் பராமரிப்பும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. தாய் தந்தையரில் ஒருவருக்கேனும் வாசிப்பிடருள்ள பிள்ளைகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக அவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு இவ்விடர் காணப்பட்டது. மற்றோரிலும் பார்க்க இது பல மடங்கு அதிகம். ஆயினும், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பிவிடுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

முன்னாளில் மறைந்திருந்தது

எழுத்து என்பது மனிதன் கண்டு ஐயாயிரம் ஆண்டுகளளவே ஆன கருவி. ஊரிலுள்ள அனைவரும் வாசிக்கவேண்டும் என்னும் எண்ணமோ அதனினும் மிகப் புதியது. இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி வந்தபின்னரே ஏழைக் கமக்காரன் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு அகலத் திறந்தது. அதற்கு முன் காடு வெட்டி வயலாக்கி வாழ்ந்த வன்னியிலே, வானத்தைப் பார்த்து மழையைச் சொல்லவும் வான்கதவு திறக்கும் வேளையை அறியவும் மாட்டின் குளம்படியைக் கொண்டு அது போன திசையைக் கூறவும் வல்லவனே அறிஞன். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து ஆடியோரிற் பலர் அண்ணாவியார் வாய்ப்பாடமாகச் சொல்ல, செவியாலே கேட்டுப் பாடம் பண்ணியவர்கள். அத்தகைய வாழ்க்கையில் வாசிப்பிடர் ஒருவரிடம் இருந்தாலும் அதனைக் கண்டுகொள்ள வேண்டிய தேவை எழவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும், நிரப்பவேண்டிய விண்ணப்பங்களும், வங்கிப் படிவங்களும் வந்தபிறகே அது குறையெனத் தென்பட்டது.

போர் மறைத்த குடும்ப வரலாறு

பிற நாடுகளில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைக் காணும் நிபுணர் முதலிற் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இவ்வாறு இருந்ததா?" என்பது. சிறு வினா, செலவில்லாத வினா, மிகப் பயனுள்ள வினா. வன்னியிலே இவ்வினாவுக்கு விடை காண்பது அரிதாகிவிட்டது.

இன்று ஆரம்ப வகுப்புகளிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் வன்னிக்குப் பெயர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகர மக்களே வெளியேறினர். மரநிழலிலும் தறப்பாள் கொட்டகையிலும் பள்ளிகள் நடந்தன. 2008 இலிருந்து 2009 மே வரை முழு ஊர்களும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து முள்ளிவாய்க்காலை அடைந்தன. தப்பியோர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர்; கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்ரெம்பரில். இவ்வாறு வளர்ந்த ஒருவருக்கு வாசிக்க வரவில்லையென்றால், பிறவியிடரா, பறிபோன பள்ளியாண்டுகளா என்று யார் சொல்லவல்லார்? போர் பல பத்திரங்களை எரித்தது போலவே, குடும்பங்களின் இந்த வரலாற்றையும் அழித்துவிட்டது எனலாம்.

இதனால் இரு தவறுகள் நேர்கின்றன. பள்ளியை இழந்ததனால் மட்டும் பின்தங்கியவரைப் 'பிறவியிலேயே இப்படி' என்று கைவிடுவது ஒரு தவறு. பிறவியிடருள்ள பிள்ளையைப் பார்த்து, "சண்டை முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் இருக்கிறது, இனி உனக்கென்ன சாட்டு?" என்று அதட்டுவது மற்றொரு தவறு. இப்பிள்ளைகள் 2009 க்குப் பின் பிறந்தவர்கள் என்பதால் இவ்விரண்டாவது தவறே இன்று பெருகக்கூடியது.

பிரித்தறிவது எப்படி?

முடிவு கூறவேண்டியவர் பயிற்சி பெற்றவரே. எனினும், பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்கத்தக்க சில அடையாளங்கள் உள.

முதலாவது, உடன்பிறந்தாரை ஒப்பிடுதல். ஒரே இடப்பெயர்வில் ஒரே ஆண்டுகளை இழந்த அண்ணனும் தம்பியும் பின்னர் ஒரே பாடசாலைக்குச் சென்றிருப்பர். அண்ணன் விரைவில் எட்டிப்பிடிக்கத் தம்பி மட்டும் நின்றுவிட்டால், இழந்த ஆண்டுகள் மட்டும் அதற்குக் காரணமாகா. ஹின்ஷெல்வூட் கண்ட பதினொரு பிள்ளைகளின் குடும்பம் கற்பிப்பதும் இதுவே.

இரண்டாவது, போருக்கு முற்பட்ட தலைமுறையை வினவுதல். அப்பப்பா, அம்மம்மா, பெரிய மாமா முதலியோர் அமைதிக் காலத்தில் ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்றவர்களாயின், அவர்களில் யாருக்கேனும் எழுத்து வராமற் போனதா? மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்களில் இவ்வினாவையும் கவனத்துடனே கேட்கவேண்டும்; தோட்டங்களிலே பலருக்குப் பள்ளி வாய்ப்பே குறைந்திருந்தது. வெளிநாட்டில் வளரும் உறவினர் பிள்ளைகளும் இவ்விடத்தில் உதவுவர். அங்கே ஒரு மருமகனுக்கோ பெறாமகளுக்கோ டிஸ்லெக்சியா எனக் கண்டிருந்தால், வன்னியிலுள்ள பெற்றோர் அச்செய்தியை அசட்டை செய்யலாகாது.

மூன்றாவது, கற்பித்தபின் நிகழ்வதைப் பார்த்தல். பள்ளி தடைப்பட்டதால் பின்தங்கிய பிள்ளை, நல்ல ஆசிரியரிடம் சில மாதங்கள் ஒழுங்காகக் கற்றால் விரைந்து முன்னேறும். 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்திலும் பாடசாலைகள் நெடுநாள் மூடிக்கிடந்தமையால் இவ்வேறுபாடு இன்றும் தேவையானது. வாசிப்பிடருள்ள பிள்ளையோ அதே கற்பித்தலில் மிக மெல்லவே நகரும்.

நான்காவது, வாய்மொழித் திறனை நோக்குதல். கதையைக் கேட்டால் பொருளுணர்ந்து திருப்பிச் சொல்லும், மனக்கணக்குச் செய்யும், துவிச்சக்கர வண்டியைப் பிரித்துப் பூட்டும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் ஊமையாகிறதா? அவ்வாறாயின் அறிவிற் குறையில்லை, வழியில்தான் தடை.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கண்ணையும் காதையும் வைத்தியசாலையிற் சோதித்தல் வேண்டும். பசியும், வீட்டிலுள்ள துயரமும், பெற்றோரை இழந்த ஏக்கமும் வாசிப்பைக் கெடுக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

கைவிரலும் அரிசியும்

வாசிப்பிடருக்கு மருந்தில்லை, ஆனால் வழியுண்டு. 1925 முதல் அமெரிக்க வைத்தியர் ஓர்ட்டனும், பின்னர் அவரோடு சேர்ந்த கில்லிங்ஹம் என்னும் ஆசிரியையும் வகுத்த முறையின் சாரம் இது: ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக, எளிதிலிருந்து அரிதுக்கு, ஒழுங்காகக் கற்பித்தல், கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் எழுதி நான்கையும் ஒருங்கே பழக்குதல். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கும் நமக்கு இது புதியதன்று. அந்த ஒரு நாட் சடங்கை நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சியாக்கினால் போதும். முற்றத்து மணலும் ஒரு தட்டு அரிசியும் எந்தக் குடிசையிலும் உண்டு.

காலமும் முக்கியமானது. பின்லாந்தில் 1990 களிலிருந்து, வாசிப்பிடருள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதலே தொடர்ந்து கவனித்து வந்தனர். பேச்சொலிகளை மூளை ஏற்கும் விதத்தில் வேறுபாடுகள் தவழும் பருவத்துக்கு முன்னரே தென்பட்டன. குடும்ப வரலாறு தெரிந்திருந்தால், பிள்ளை தோற்கும்வரை காத்திராது, முதலாந் தரத்திலேயே உதவியைத் தொடங்கலாம் என்பது இதன் பயன். சென்னையிலே 1990 களின் தொடக்கத்தில் அமைந்த மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இத்தகைய கற்பித்தலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விடரை உதவிக்குரிய நிலைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. வவுனியாவிலே ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகமும் 2021 இல் தோன்றிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கேற்ற இத்தகைய பயிற்சியும் ஆராய்ச்சியும் இங்கும் வேரூன்றலாகாதா?

மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை

'பரம்பரை' என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர் அஞ்சுகின்றனர். கலியாணப் பேச்சு வரும்போது தடையாகிவிடும் என்று தாய்மார் கலங்குகின்றனர். "உங்கள் பகுதிச் சனத்தின் குணம்" என்று கணவன் வீட்டாரும் மனைவி வீட்டாரும் பழி மாறிப் போடுவதும் உண்டு. 42 இடங்களிற் சிதறிக் கிடக்கும் சிறு சிறு வேறுபாடுகள் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் ஓரளவு கலந்தே இருக்கின்றன. இதில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத்தக்க குடும்பம் யாதுமில்லை. உண்மையில், காரணம் பிறவியிலுள்ளது என்று அறியும்போது பிள்ளையின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது. அதனைச் 'சோம்பேறி' என்று அடித்த கையும் தாழ்கிறது.

இளைய தந்தையர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் மகன் எழுத்தில் தடுமாறும்போது, "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கத்தாற் பலர் அதனை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. அவ்வொரு வாக்கியம் ஆசிரியருக்கு ஒரு துப்பு. வைத்தியருக்கு ஒரு குறிப்பு. மகனுக்கோ, தான் தனியன் அல்லன் என்னும் ஆறுதல்.

முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது பாடசாலை எத்தனையோ விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறது. அவற்றோடு, "உங்கள் குடும்பத்தில் வாசிக்கச் சிரமப்பட்டோர் உண்டா? அது பள்ளிக்குப் போக முடியாமையாலா, போயும் வராமையாலா?" என்னும் வினாவையும் ஆசிரியர்கள் அன்போடு கேட்பாராக. போர் பறித்த ஆண்டுகளை மீட்டுத் தர எவராலும் இயலாது. ஆனால் அவ்வாண்டுகளின் நிழலில் இன்னொரு தலைமுறைப் பிள்ளைகளின் இடர் மறைந்துபோகாமற் காப்பது நம்மால் இயலும்.